ஆதாரம் வங்கிக்குப் போகும் முன் சொல்லிவிடுங்கள்: வெளிநாட்டுப் படிப்பு ஏஜென்சிகளுக்கு ஒரு திறந்த மடல்

சித்தூர், கொழிஞ்சாம்பாறை, பாலக்காடு, பொள்ளாச்சி, கோவைப் பக்கம் பிள்ளைகளை இங்கிலாந்துக்குப் படிக்க அனுப்பும் ஏஜென்சிக்காரர்களுக்கு,

வணக்கமுங்க.

நான் ஓய்வுபெற்ற வங்கிக்காரன். கல்விக் கடன் பார்க்கிற மேசையில் வெகுகாலம் உட்கார்ந்திருக்கிறேன். உங்கள் அலுவலகத்தில் ஆஃபர் லெட்டர் வாங்கிய குடும்பம் அடுத்ததாக வந்து நிற்கிற இடம் அந்த மேசைதான். ஒரு கையில் பல்கலைக்கழகத்தின் கடிதம், இன்னொரு கையில் நிலத்தின் ஆதாரம் (பத்திரம்), கரம் (நிலவரி) கட்டின ரசீது, வில்லேஜ் ஆபீஸில் வாங்கிய கைவசச் சான்றிதழ். வேலையை விட்டு வந்த பிறகும் வேலந்தாவளம், எருத்தேம்பதி, வடகரப்பதி ஆட்கள் ஃபைலைத் தூக்கிக்கொண்டு என் வீட்டுக்கு வருகிறார்கள். அதில் இருக்கும் காகிதம் எல்லாம் ஆங்கிலம். உங்கள் ஆபீஸில் விளக்கிச் சொல்வது மலையாளத்தில், இல்லையென்றால் பாதி ஆங்கிலத்தில். கையெழுத்துப் போடும் அப்பாவோ தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் எட்டாவதோ பத்தாவதோ படித்தவர். அவருக்காகத்தான் இதை எழுதுகிறேன், எழுதுவது உங்களுக்கு.

நீங்கள் வாங்கித் தருவது மாணவர் விசா. எங்கள் ஆட்கள் பணம் கட்டுவதோ அதற்கு அப்புறம் வரப்போகும் வேலை விசாவை நம்பி. ஒரு வருஷம் எம்.எஸ்சி. படித்து வருவதற்காக மட்டும் யாரும் தென்னந்தோப்பை அடமானம் வைக்கமாட்டார்கள். இது உங்களுக்கும் தெரியும், அதனால்தான் போர்டில் பல்கலைக்கழகத்தின் பெயரைவிடப் பெரிய எழுத்தில் ‘பி.எஸ்.டபிள்யூ.’ (படிப்புக்குப் பிந்தைய வேலை அனுமதி) என்று போடுகிறீர்கள். அந்த இரண்டாவது விசாவைப் பற்றி நீங்கள் சொல்வது ஒரே ஒரு வாக்கியம்தான். எல்லாப் பெற்றோரும் அதை மனப்பாடமாக ஒப்பிக்கிறார்கள்: “போய் இறங்கட்டும், படிச்சு முடிச்சா ரெண்டு வருஷம் பி.எஸ்.டபிள்யூ. இருக்குது, அதுக்குள்ள ஒரு கம்பெனி ஸ்பான்சர் பண்ணிரும்.”

இந்த வாக்கியத்தைக் கொஞ்சம் பிரித்துப் பார்க்கலாம்.

முதலில் அந்த ரெண்டு வருஷம். நீங்கள் பி.எஸ்.டபிள்யூ. என்று சொல்வதன் சட்டப்படியான பெயர் கிராஜுவேட் விசா. 2021 ஜூலை 1இல் தொடங்கியது. தானாக வந்து சேராது. படிப்பு முடிந்ததென்று பல்கலைக்கழகம் அந்நாட்டு உள்துறைக்குத் தெரிவிக்க வேண்டும். அதற்குப் பிறகு, மாணவர் விசா காலாவதியாகும் முன், பிள்ளை இங்கிலாந்துக்குள் இருந்தபடியே விண்ணப்பிக்க வேண்டும். ஊருக்கு வந்து கல்யாணம் காதுகுத்து எல்லாம் முடித்துவிட்டு அப்புறம் போட்டுக்கொள்ளலாம் என்றால் கதை முடிந்தது. இன்னொன்று, 2027 ஜனவரி 1 முதல் விண்ணப்பிப்பவர்களுக்கு இது 18 மாதம்தான். பிஎச்.டி. முடித்தவர்களுக்கு மட்டும் 3 வருஷம். இனி நீங்கள் அட்மிஷன் போடும் எம்.எஸ்சி. பிள்ளைகள் எல்லோரும் இந்தப் 18 மாதக் கணக்கில்தான் வருவார்கள். போர்டில் இன்னும் ரெண்டு வருஷம் என்றே இருக்கிறது.

அடுத்தது ‘ஸ்பான்சர் பண்ணிரும்’ என்பது. இங்கேதான் கொஞ்சம் நின்று பேச வேண்டும்.

கம்பெனி ஸ்பான்சர் செய்தால் கிடைக்கும் வேலை விசாவின் பெயர் ஸ்கில்டு ஒர்க்கர் விசா. அதற்கு ஒரு சம்பள வரம்பு உண்டு. 2024 ஏப்ரல் 4 வரை அது வருஷத்துக்கு 26,200 பவுண்டு. அன்றிலிருந்து 38,700. 2025 ஜூலை 22 முதல் 41,700. படித்து முடித்து நேரே வேலைக்கு மாறும் இளம் பிள்ளைகளுக்குச் சலுகை வரம்பு இருக்கிறது, உண்மைதான். அதுவும் இதே தேதிகளில் 20,960இலிருந்து 30,960 ஆகி, பிறகு 33,400 ஆனது. 2023 செப்டம்பரில் நீங்கள் விமானம் ஏற்றிவிட்ட பிள்ளையை நினைத்துக்கொள்ளுங்கள். அவன் படிப்பை முடிக்கும் முன்னாலேயே வரம்பு பத்தாயிரம் பவுண்டு ஏறிவிட்டது. இது உங்கள் குற்றமில்லை, சட்டம் போட்டது வேறு அரசாங்கம். ஆனால் 2025இல் கிளம்பிய பிள்ளையின் ஃபைலிலும் 2023இல் அடித்த அதே நோட்டீஸ்தானே இருந்தது? அதைச் சட்டத்தின் தலையில் போட முடியாது.

33,400 பவுண்டு என்றால் நம் பணத்தில் முப்பத்தைந்து லட்சத்துக்கு மேல். கேட்டவுடன் அப்பாக்களுக்குக் கண் விரிகிறது. அங்கே நடைமுறையில் அது எப்படிப்பட்ட சம்பளம் என்று பார்ப்போம். 2025 ஏப்ரலில் அங்கே குறைந்தபட்சக் கூலி மணிக்கு 12.21 பவுண்டு. வாரம் 40 மணி, வருஷம் முழுக்க லீவே எடுக்காமல் உழைத்தாலும் 25,400 பவுண்டைத் தொடாது. ஆக சூப்பர் மார்க்கெட்டிலோ குடோனிலோ முழுநேரமாகச் சேர்ந்தாலும் சலுகை வரம்புக்குக்கூட எட்டாது. சம்பளத்தை எப்படியோ ஏற்றிக் கொடுத்தாலும் வேலையின் தரம் இடிக்கும். 2025 ஜூலை 22 முதல் பட்டப்படிப்பு மட்டத்து வேலைகளுக்குத்தான் புதிதாக இந்த விசா, அதற்குக் கீழே ஒரு சில விதிவிலக்குகள் மட்டும். ஹோட்டல் சமையல்காரர் வேலை பட்டியலிலிருந்து போய்விட்டது. முதியோர் பராமரிப்பு வேலைக்கு வெளிநாட்டிலிருந்து ஆள் எடுப்பதும் அன்றோடு நின்றுவிட்டது. “எதுவும் கிடைக்காட்டி கேர் ஹோம் இருக்குது” என்று இன்னும் சொல்கிறவர்கள் உங்களில் இருக்கிறார்கள். தயவுசெய்து நிறுத்துங்கள். உள்ளேயே இருப்பவர்கள் மாறிக்கொள்ள நிபந்தனையோடு ஒரு சின்ன வழி 2028 ஜூலை வரை விட்டு வைத்திருக்கிறார்கள். அதை நம்பி இன்றைக்கு ஒரு பிள்ளையை அனுப்ப முடியாது.

பாதிப் படிப்பில் வேலை விசாவுக்குத் தாவுவதும் அப்படித்தான். ஒரு காலத்தில் நடந்தது. பணத்தைக் கட்டிச் சேர்ந்து, மூன்றாம் மாதமே படிப்பை விட்டுவிட்டு வேலைக்கு மாறினார்கள். 2023 ஜூலை 17ஆம் தேதி அந்தக் கதவைச் சாத்திவிட்டார்கள். இப்போது படிப்பை முடிக்க வேண்டும், அல்லது வேலை தொடங்கும் தேதி படிப்பு முடியும் தேதிக்குப் பிறகு இருக்க வேண்டும். மனைவியைக் கூட்டிப்போகலாம் என்பதும் 2024 ஜனவரியிலிருந்து சாதாரண எம்.எஸ்சி.க்குக் கிடையாது.

உங்களில் பெரும்பாலோர் வாய் திறக்காத விஷயம் ஒன்று உண்டு. சலுகை வரம்பு நிரந்தரமில்லை, மொத்தம் நாலு வருஷம்தான். அந்த நாலு வருஷத்தில் கிராஜுவேட் விசாவில் கழித்த காலமும் சேரும். படிப்பு முடிந்த கையோடு நேரே வேலை விசாவுக்கு மாறினால் நாலு வருஷமும் கையில் இருக்கும். கிராஜுவேட் விசாவில் 18 மாதமும் ஓட்டிவிட்டு மாறினால் மிச்சம் ரெண்டரை வருஷம்தான், அப்புறம் முழு வரம்புக்குச் சம்பளம் ஏற வேண்டும். வேலை கொடுக்கிற கம்பெனி இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்காமல் இருக்குமா? போதாததற்கு, ‘பி.ஆர்.’ (நிரந்தரமாகத் தங்கும் அனுமதி) கணக்கு ஐந்து வருஷம் என்று நீங்கள் சொல்வது வேலை விசா கிடைத்த நாளிலிருந்துதான் ஓடத் தொடங்கும். மாணவர் விசாவும் கிராஜுவேட் விசாவும் அதில் சேராது. அந்த ஐந்தையே பத்தாக்கும் யோசனையை அந்நாட்டு அரசு 2025 மே மாத வெள்ளை அறிக்கையில் வைத்தது.

இனி கம்பெனியின் பக்கம். எந்தக் கம்பெனியும் நினைத்த மாத்திரத்தில் ஸ்பான்சர் செய்ய முடியாது, லைசென்ஸ் வேண்டும். யாரிடம் லைசென்ஸ் இருக்கிறது என்ற பட்டியலை அந்நாட்டு அரசே இணையத்தில் இலவசமாகப் போட்டு வைத்திருக்கிறது. இந்தப் பட்டியலுக்குக் காசு வாங்கும் ஏஜென்சி ஒன்றையும் நான் கண்டிருக்கிறேன், பெயர் வேண்டாம். பட்டியலில் பெயர் இருப்பதால் உன் பிள்ளையை எடுத்துக்கொள்வார்கள் என்று அர்த்தமில்லை. ஓர் ஆளை ஸ்பான்சர் செய்தால் பெரிய கம்பெனி வருஷத்துக்கு 1,320 பவுண்டு, சிறிய கம்பெனி 480 பவுண்டு அரசுக்குத் தனிக் கட்டணம் கட்ட வேண்டும். 2025 டிசம்பரில்தான் இது ஏறியது. உள்ளூர்ப் பிள்ளையை எடுத்தால் இந்தச் செலவும் இல்லை, காகித வேலையும் இல்லை.

போன வருஷம் ஓர் அப்பா வந்தார். கோபாலபுரம் செக்போஸ்ட் பக்கம் அவருக்குத் தோப்பு. பையன் படிப்பை முடித்துவிட்டான், சின்னக் கம்பெனி ஒன்றில் கிராஜுவேட் விசாவில் வேலையும் பார்க்கிறான், முதலாளிக்கும் அவனைப் பிடித்திருக்கிறது. “லைசென்ஸ் மட்டும் இல்லைங்கறாங்களாமுங்க. அதை எடுக்க எவ்வளவு ஆகுமுங்க? நாமளே கட்டிரலாமுங்களா?” என்று கேட்டார். அவர் கேட்டதில் சூது எதுவும் இல்லை. ஊரில் பம்ப்செட்டுக்குக் கரண்ட் கனெக்ஷன் வாங்குவதுபோல நினைத்துக்கொண்டார், பாவம். லைசென்ஸ் கட்டணத்தையும் ஸ்பான்சர் சான்றின் (ஒவ்வோர் ஆளுக்கும் கம்பெனி கொடுக்கும் சான்று) கட்டணத்தையும் 2024 டிசம்பர் 31 முதல் தொழிலாளியின் தலையில் கட்டக்கூடாது என்று விதியே இருக்கிறது. மீறினால் கம்பெனியின் லைசென்ஸ் போகும், அதோடு அங்கே வேலை செய்கிறவர்களின் விசாவும் ஆட்டம் காணும். இதைச் சொன்னதும் அவர், “இதெல்லாம் அனுப்பும்போதே சொல்லியிருந்தா தெரிஞ்சிருக்குமுங்களே” என்றார். நியாயம்தானே?

இதில் ஓர் எச்சரிக்கை உங்களுக்கே. ஸ்பான்சர் சான்றை லட்சக்கணக்கில் விலை பேசி வாங்கித் தருவதாகச் சொல்லும் தரகர்களோடு சிலர் கை கோத்திருக்கிறீர்கள். படிப்புக்கு அனுப்புவதற்கு நாடு முழுவதற்குமான தனி லைசென்ஸ் கிடையாது, அதனால் தெருவுக்கு ஒரு ஆபீஸ். ஆனால் வெளிநாட்டு வேலைக்கு ஆள் சேர்ப்பது 1983ஆம் வருஷத்துக் குடியேற்றச் சட்டத்தின் கீழ் வருகிறது. பதிவுச் சான்று இல்லாமல் செய்தால் குற்றம். பதிவு பெற்ற ஏஜென்டுகூட ஓர் ஆளிடம் 30,000 ரூபாயும் ஜி.எஸ்.டி.யும்தான் வாங்கலாம். ‘அட்மிஷன் ப்ளஸ் ஜாப்’ என்று போர்டு வைக்கிறவர்கள் அந்த ‘ப்ளஸ்’ எந்தச் சட்டத்தின் கீழ் வருகிறது என்று ஒரு வக்கீலைக் கேட்டுக்கொள்வது நல்லது.

அடுத்தது ‘ஃபண்ட் காட்டுவது’. வங்கிக்காரனாக எனக்கு எரிச்சல் மூட்டுவது இதுதான். மாணவர் விசாவுக்கு, கட்ட வேண்டிய ஃபீஸ் பாக்கி போக, லண்டன் என்றால் மாதம் 1,529 பவுண்டு, மற்ற ஊர் என்றால் 1,171 பவுண்டு வீதம் ஒன்பது மாதச் செலவுப் பணம் தொடர்ச்சியாக 28 நாள் வங்கிக் கணக்கில் இருக்க வேண்டும். லண்டனுக்கு வெளியே என்றாலும் 10,539 பவுண்டு. இல்லாதவர்களுக்கு நீங்களே வட்டிக்கு ஆள் பிடித்துக் கொடுக்கிறீர்கள். 28 நாள் முடிந்ததும் பணம் திரும்பப் போய்விடுகிறது. விசா வந்துவிட்டது, எல்லோருக்கும் சந்தோஷம். அந்தப் பணத்தை எதற்காகக் கேட்டார்கள்? அங்கே போய்ச் சாப்பிடவும் வாடகை கொடுக்கவும். அது இல்லாமல் போய் இறங்குகிற பிள்ளை என்ன செய்வான்? பட்டப்படிப்பு மாணவன் வகுப்பு நடக்கும் காலத்தில் வாரம் 20 மணிதான் வேலை செய்யலாம். குறைந்தபட்சக் கூலியில் அது மாதம் ஆயிரத்துச் சொச்சம் பவுண்டுதான். வாடகைக்கே பாதி போய்விடும். அதனால் இருபது முப்பதாகிறது, முப்பது நாற்பதாகிறது, மேலே உள்ளதைக் கையில் காசாக வாங்கிக்கொள்கிறான். இல்லையென்றால் வேறொருவர் பெயரில் ஆப்பை ஓட்டிச் சாப்பாடு டெலிவரி செய்கிறான். மாணவர் விசாவில் சொந்தத் தொழில் கணக்கில் வரும் வேலைக்கே அனுமதியில்லை. பிறகு வேலை விசாவுக்கு விண்ணப்பிக்கும்போது சம்பளச் சீட்டும் வரிக் கணக்கும் மணிக்கணக்கைக் காட்டிக் கொடுக்கின்றன. மாணவர் விசாவின் நிபந்தனையை மீறினவன் என்று எழுதி மறுத்துவிட்டால் நீங்கள் சொன்ன ஸ்பான்சர் வந்தும் பிரயோஜனமில்லை. போலி பேங்க் ஸ்டேட்மென்ட் என்று பிடிபட்டால் பத்து வருஷத் தடைவரை போகும். வேலை விசா கெடுவது அங்கே போன பிறகு இல்லை, உங்கள் மேசையிலேயே, அந்த 28 நாளில்.

கடன் பக்கத்தையும் சொல்லிவிடுகிறேன், அது என் தொழில். எங்கள் கல்விக் கடனில் படிப்புக் காலமும் அதற்கு மேல் ஒரு வருஷமும் தவணை கிடையாது. ஒரு வருஷ எம்.எஸ்சி. என்றால் மொத்தம் இரண்டு வருஷம். வட்டி மட்டும் முதல் நாளிலிருந்தே ஏறிக்கொண்டிருக்கும். 20 லட்சம் கடன், 11 சதவீத வட்டி என்று வைத்துக்கொள்வோம். முழுத் தொகையையும் ஆரம்பத்திலேயே எடுத்தால் இரண்டு வருஷத்தில் வட்டி மட்டும் 4.4 லட்சம். 24.4 லட்சத்தைப் பத்து வருஷத்தில் அடைக்க மாதத் தவணை சுமார் 33,600 ரூபாய். இது தொடங்கும்போது கிராஜுவேட் விசாவில் ஏறக்குறைய பாதி கழிந்திருக்கும். ஸ்பான்சர் கிடைத்தானா இல்லையா என்று வங்கி கேட்டுக்கொண்டிருக்காது. தேங்காய் விலை ஏறி நிற்கும் வருஷத்தில்கூட அரை ஏக்கர் தோப்பு இந்தத் தவணையைத் தாங்காது. ஆழியாற்றுத் தண்ணீர் ஒழுங்காக வராத வருஷத்தைப் பற்றிக் கேட்கவே வேண்டாம்.

போகவே கூடாது என்று நான் யாரையும் தடுத்ததில்லை. நன்றாக வந்த பிள்ளைகளையும் பார்த்திருக்கிறேன். இங்கே பி.இ. சிவில் படித்து, மூன்று வருஷம் வேலை பார்த்து, அங்கே கட்டுமானப் பொறியியல் எம்.எஸ்சி. சேர்ந்த பெண் ஒருத்தி, படிப்பு முடியும் முன்பே வேலையை உறுதி செய்துகொண்டாள். அவள் போய் இறங்கிய முதல் மாதத்திலேயே விண்ணப்பிக்கத் தொடங்கியவள். அங்கே பெரிய கம்பெனிகள் புதுப் பட்டதாரிகளை எடுக்கும் சுற்றுகள் பெரும்பாலும் செப்டம்பரிலிருந்து நவம்பருக்குள் திறக்கின்றன. செப்டம்பரில் போய் இறங்குகிறவன் வீடு தேடி, பார்ட் டைம் தேடி முடிக்கும்போது அந்தச் சுற்று தாண்டிப் போய்விடுகிறது. விமான டிக்கெட்டோடு இந்த ஒரு தகவலையும் கொடுத்திருந்தால் எத்தனையோ பேருக்கு உதவியிருக்கும். இங்கே பி.காம். படித்து வேலை அனுபவமே இல்லாத பையனைப் பெயர் தெரியாத ஏதோ ‘இன்டர்நேஷனல் மேனேஜ்மென்ட்’ கோர்ஸில் சேர்த்துவிட்டு 33,400 பவுண்டு சம்பளம் வரும் என்பது, என்னைக் கேட்டால், அநியாயம். அந்தக் கோர்ஸுக்குக் கமிஷன் கூடுதல் என்று உங்களில் ஒருவரே என்னிடம் சொல்லியிருக்கிறார்.

நர்சிங் பிள்ளைகளுக்கு மாணவர் விசாவே தேவையில்லாமல் போகலாம். தகுதித் தேர்வுகளை எழுதி நேரே வேலை விசாவில் போகிறவர்கள் இருக்கிறார்கள். கேரளத்தில் நோர்க்கா ரூட்ஸ், தமிழ்நாட்டில் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் என்று அரசின் அமைப்புகளே அந்த வேலையைச் செய்கின்றன. அவர்களிடம் அனுப்பினால் உங்களுக்குக் கமிஷன் வராதுதான்.

சரி, உங்களிடம் நான் கேட்பது என்ன? அட்வான்ஸ் வாங்கும் முன் ஒரே ஒரு தாள், தமிழில். அதில் இன்றைய சம்பள வரம்பு, சலுகை வரம்பு, கிராஜுவேட் விசா எத்தனை மாதம், இந்தக் கோர்ஸ் முடித்தால் எந்த வேலைக்கு விசா கிடைக்கும், இதையெல்லாம் எந்தத் தேதியில் சரிபார்த்தீர்கள் என்பது இருக்க வேண்டும். பல்கலைக்கழகம் உங்களுக்குக் கமிஷன் தருகிறது என்ற வரியும் இருக்கட்டும். தொகை போட வேண்டாம், இருக்கிறது என்று சொன்னால் போதும். விசா மறுத்தால் எந்தப் பணம் திரும்ப வரும், எது வராது என்பதும். கீழே உங்கள் சீல்.

அதே தாளில் இன்னொரு எண்ணும் வேண்டும். மூன்று வருஷத்துக்கு முன் நீங்கள் அனுப்பிய பிள்ளைகளில் இன்றைக்கு எத்தனை பேர் ஸ்கில்டு ஒர்க்கர் விசாவில் இருக்கிறார்கள்? சுவரில் விசா ஸ்டாம்ப் அடித்த பாஸ்போர்ட்டோடு சிரிக்கும் போட்டோக்களை ஒட்டியிருக்கிறீர்கள். அவை எல்லாம் மாணவர் விசா. அதே பிள்ளைகளுக்கு ஒரு போன் போட்டு விசாரிக்க ஒரு வாரம் போதும். எண் தெரியவில்லை என்றால் ‘தெரியாது’ என்றே எழுதுங்கள். அதைப் படித்துவிட்டும் ஆதாரத்தை வைக்கிறேன் என்று சொல்லும் அப்பாவுக்கு வங்கிக் காகிதங்களை எழுதிக் கொடுக்க நானே கூட வருகிறேன்.

இதனால் வியாபாரம் குறையும் என்று நினைப்பீர்கள். கொஞ்சம் குறையும். பொய்யான கணக்கில் ஏறிப் போகிற பிள்ளைகள் குறைவார்கள், அவ்வளவுதான். தேறுகிற பிள்ளை எப்படியும் போவான். நம் பக்கத்துக் கிராமங்களில் ஒரு குடும்பம் ஏமாந்தால் எல்லை தாண்டி ஆனைமலைவரை சேதி போய்விடும், அது உங்களுக்குத் தெரியாததில்லை.

அடுத்த இன்டேக் (மாணவர் சேர்க்கை) செப்டம்பரில். தாள் அதற்குள் தயாராகட்டும். தமிழில் எழுத ஆள் இல்லை என்று யாரும் சொல்ல வேண்டாம். நான் வீட்டில் சும்மாதான் இருக்கிறேன். விவரங்களை ஆங்கிலத்திலோ மலையாளத்திலோ கொடுத்தால் தமிழாக்கி, கணக்கையும் சரிபார்த்துத் தருகிறேன். கூலி வேண்டாம், கொழிஞ்சாம்பாறை பஸ் ஸ்டாண்டில் ஒரு டீ வாங்கிக் கொடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கல்விக் கடன் அதிகாரி,
கொழிஞ்சாம்பாறை, சித்தூர் தாலுகா, பாலக்காடு மாவட்டம்